மெய்ப்பாடு காணா உரையாடல்: வளர்ந்தோருக்கான இணையவழி உளவளத்துணையில் தமிழ்மொழியின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

வாழ்க்கை மாற்றங்களாலும் மன அழுத்தத்தாலும் துன்புறும் வளர்ந்தோருக்குத் தொலைபேசி, காணொலி, எழுத்துரையாடல் ஆகியவற்றின் வழியே உளவளத்துணை வழங்கும் முறை அண்மை ஆண்டுகளில் பரவலாகியுள்ளது. நேரடிச் சந்திப்பில் முகமும் உடலும் உணர்த்தும் செய்திகளுள் பெரும்பகுதி இம்முறையில் மறைந்துவிடுகிறது. அவ்விடத்தை மொழியே நிரப்ப வேண்டியுள்ளது. எனவே இச்சேவையில் தமிழ் என்பது மொழிபெயர்ப்பு வசதி மட்டுமன்று. துணையின் தரத்தை உறுதிசெய்யும் அடிப்படைக் கூறும் ஆகும். இக்கருத்தைக் கலைச்சொல், பேச்சு வழக்கு, இலக்கணக் கூறுகள், மறைகாப்பு ஆகிய நிலைகளில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்

உளவளத்துணை, ஆற்றுப்படுத்துதல், மன அழுத்தம், வாழ்க்கை மாற்றம், மெய்ப்பாடு, இரட்டை வழக்கு, மறைகாப்பு.

முன்னுரை

பணி ஓய்வு, வேலையிழப்பு, வாழ்க்கைத்துணையின் மறைவு, மணமுறிவு, பிள்ளைகளின் வெளியூர்ப் பெயர்வு, பெற்றோரின் நீண்டகால நோய் முதலியன வளர்ந்தோர் வாழ்வில் நேரக்கூடியவை. இவற்றுள் எதுவும் நோயன்று. ஆயினும் இவற்றால் விளையும் துயரைத் தனியே சுமக்க இயலாத நிலை பலருக்கு உண்டாகிறது. கூட்டுக் குடும்பம் சிதைந்ததே இதற்குக் காரணம் என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. அது முழு உண்மையன்று. குடும்பத்தாரிடம் கூற முடியாத துயரங்களும், குடும்பமே காரணமாகிய துயரங்களும் எக்காலத்திலும் இருந்துள்ளன. அத்தகைய நிலையில் உறவுக்கு வெளியே, பயிற்சி பெற்ற ஒருவர் கேட்பதற்கு இருப்பது தேவையாகிறது.

தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 18 வயதுக்கு மேற்பட்டோருள் 10.6 விழுக்காட்டினர் அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுடன் இருந்தனர் என்று மதிப்பிட்டது. உரிய சிகிச்சை கிடைக்காதோரின் அளவு கோளாற்றின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. கோளாறு என்ற வரையறைக்குள் வராத, ஆனால் துயரில் இருக்கின்ற வளர்ந்தோர் இக்கணக்கில் இடம்பெறவில்லை. இவ்விடைவெளியைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாகவே தொலைவழி, இணையவழிச் சேவைகள் முன்வைக்கப்படுகின்றன. இச்சேவைகளின் தொழில்நுட்பம் குறித்தும் மருத்துவப் பயன் குறித்தும் ஆய்வுகள் பல உள்ளன. அவற்றில் மொழியின் பங்கு போதிய கவனம் பெறவில்லை. அப்பங்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வாழ்க்கை மாற்றமும் மன அழுத்தமும்

உயிரியின் உடல் பல்வேறு தாக்கங்களுக்கு ஒரே வகையான பொது எதிர்வினையைக் காட்டுகிறது என்பதை ஹான்ஸ் செலியே 1936இல் எடுத்துரைத்தார். மன அழுத்தம் பற்றிய நவீன ஆய்வு இதிலிருந்து வளர்ந்தது. தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராகே ஆகிய இருவரும் 1967இல் வெளியிட்ட அளவுகோல் 43 வாழ்க்கை நிகழ்வுகளை நிரல்படுத்தி ஒவ்வொன்றிற்கும் மதிப்பெண் வழங்கியது. வாழ்க்கைத்துணையின் இறப்புக்கு 100, மணவிலக்குக்கு 73, திருமணத்திற்கு 50, பணி ஓய்வுக்கு 45 என்பன அவற்றுள் சில. மகிழ்ச்சிக்குரிய திருமணமும் இப்பட்டியலில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. நிகழ்வு நல்லதா தீயதா என்பதைவிட, அதற்கேற்ப வாழ்வை எவ்வளவு மாற்றியமைக்க வேண்டியுள்ளது என்பதே இங்கு அளவையாகக் கொள்ளப்பட்டது.

இவ்வளவுகோல் அமெரிக்கச் சூழலில் உருவானது. இந்தியச் சூழலுக்கென குர்மீத் சிங்கும் உடன் ஆய்வாளர்களும் 1984இல் 51 நிகழ்வுகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினர். மகள் அல்லது தம்மைச் சார்ந்துள்ள சகோதரியின் திருமணம், வரதட்சணை குறித்த பிணக்கு, ஆண்மகவு இன்மை போன்றவை அதில் இடம்பெற்றன. ஒரு சமூகம் எதனைச் சுமையாகக் கருதுகிறது என்பது அச்சமூகத்தின் அமைப்பைப் பொறுத்தது என்பதை இவ்விரு பட்டியல்களின் வேறுபாடு காட்டுகிறது.

ஒரே நிகழ்வு ஒருவரை நிலைகுலையச் செய்வதும் மற்றொருவரைப் பெரிதும் பாதிக்காமல் விடுவதும் ஏன் என்னும் வினாவுக்கு ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோல்க்மன் ஆகியோர் 1984இல் விளக்கமளித்தனர். நிகழ்வைத் தமக்கான அச்சுறுத்தலாக ஒருவர் மதிப்பிடுகிறாரா என்பதும், அதனை எதிர்கொள்ளும் வளம் தம்மிடம் உள்ளது என அவர் கருதுகிறாரா என்பதும் அழுத்தத்தின் அளவை உறுதிசெய்கின்றன. சிக்கலையே தீர்க்க முயல்வது, சிக்கலால் எழும் உணர்வைத் தணிக்க முயல்வது என எதிர்கொள்ளலை அவர்கள் இருவகைப்படுத்தினர். வேலையிழந்தவர் புதிய வேலை தேடுவது முதல்வகை. துணையை இழந்தவர்க்கு முதல்வகை பெரிதும் பயன்படாது. இறந்தவரை மீட்டல் இயலாது. எந்த வகை எப்போது பொருந்தும் என்பதை உதவி நாடுபவரே கண்டறியத் துணைநிற்பது உளவளத்துணையின் பணிகளுள் ஒன்றாகும்.

வாழ்வின் நிலை மாறுவதே துயருக்குக் காரணமாகும் என்ற கருத்து தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இவற்றுள் அசைவு என்பதற்கு, முன்பிருந்த நிலை கெட்டு வேறு நிலையை அடைந்தமையால் வருந்துதல் என்னும் கருத்துப்படப் பேராசிரியர் உரை எழுதியுள்ளார். உற்றாரை இழத்தல் இழவு எனத் தனியே கூறப்பட்டிருப்பதால், இழப்புத் துயரும் நிலைமாற்றத் துயரும் வேறுவேறாகவே எண்ணப்பட்டன எனலாம். பணி ஓய்வு பெற்றவரின் துயர் இழவினும் அசைவுக்கே நெருக்கமானது. தொல்காப்பியத்தில் இக்கால உளவியல் முழுவதும் உள்ளது என நிறுவுவது இங்கு நோக்கமன்று. தொல்காப்பியம் கூறுவது செய்யுளில் உணர்வு புலப்படும் முறையை. உளவியல் கூறுவது துயருற்றவரின் நிலையை. எனினும் துயரைப் பகுத்துக் காண்பதற்கான சொற்கள் தமிழில் உள்ளன என்பது கருத்திற்கொள்ளத் தக்கது.

2. கலைச்சொல்லும் கருத்தும்

இத்துறையைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டின் அரசு அறிவிப்புகளிலும் இதழ்களிலும் மனநல ஆலோசனை என்பது பெருவழக்கு. இலங்கைத் தமிழில் உளவளத்துணை என்பது நிலைபெற்றுள்ளது. ஆற்றுப்படுத்துதல் என்பது இரு நாட்டிலும் கல்வித் துறையிலும் சமயப் பணிகளிலும் வழங்குகிறது. கலந்தாய்வு என்ற சொல்லும் உண்டு. ஆயின் தமிழ்நாட்டில் அது பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்கான இட ஒதுக்கீட்டு நிகழ்வையே பெரும்பாலும் குறிக்கிறது. பேச்சில் இவை அனைத்தையும் விடக் கவுன்சிலிங் என்பதே மிகுதி.

இச்சொற்கள் ஒரே பொருளைத் தருவன அல்ல. ஆலோசனை என்பது அறிந்தவர் அறியாதவர்க்கு இன்னது செய் எனக் கூறுவதைக் குறிக்கும். ஆனால் கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலிலும் 1957இல் எழுதிய கட்டுரையிலும் முன்வைத்த நெறி இதற்கு மாறானது. துணையாளரின் உண்மைத்தன்மை, நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு ஆகியவையே மாற்றத்திற்கு அடிப்படை என்றும், வழிகாணும் ஆற்றல் உதவி நாடுபவரிடமே உள்ளது என்றும் அவர் கருதினார். ஆலோசனை என்னும் பெயரைக் கண்டு அழைப்பவர், தம் மகனிடம் என்ன சொல்ல வேண்டும், வேலையை விடலாமா என்பனவற்றுக்கு விடை எதிர்பார்க்கிறார். விடை தரப்படாதபோது தாம் புறக்கணிக்கப்பட்டதாக எண்ணவும் கூடும். நேரடிச் சந்திப்பில் முகக்குறிப்பால் இவ்வேமாற்றத்தை உணர்ந்து விளக்க வாய்ப்புண்டு. தொலைபேசியில் அழைப்பைத் துண்டித்தால் உறவு முடிந்துவிடுகிறது. ஆதலின் துணையின் தன்மையைத் தொடக்கத்திலேயே எளிய தமிழில் எடுத்துரைப்பது இணையவழியில் இன்றியமையாதது.

ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல் ஆற்றுப்படை மரபை நினைவூட்டுவது. பரிசில் பெற்ற ஒருவர் பெறாத ஒருவரை வழிப்படுத்துவது அவ்விலக்கிய வகை. ஆறு என்பது வழி. நடக்க வேண்டியவர் எதிரே நிற்பவர். வழியைக் காட்டினும் பயணத்தை அவர்க்காக மேற்கொள்ள இயலாது என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. உளவளத்துணை என்னும் சொல்லோ, வளம் உதவி நாடுபவரின் உள்ளத்தில் உள்ளது, பிறர் அதற்குத் துணை என்னும் பொருளைத் தருகிறது. ரோஜர்ஸின் நெறிக்கு மிகவும் பொருந்துவது இதுவே. இக்கட்டுரை இச்சொல்லை ஆள்வதற்கும் அதுவே காரணம்.

3. இணையவழி உளவளத்துணையின் வகைகள்

தொலைவழித் துணையின் முன்னோடி தொலைபேசிச் சேவையாகும். சாட் வரா 1953இல் இலண்டனில் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு இதன் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது. தற்கொலைத் தடுப்பை நோக்கமாகக் கொண்ட சினேகா அமைப்பு சென்னையில் 1986இல் தொடங்கப்பட்டது. இந்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று 14416 என்ற எண்ணில் தொடங்கியது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இயங்குகிறது. தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் அதே மாதம் அறிமுகமானது. இதன் செயலி 2024 அக்டோபர் 10 அன்று வெளியிடப்பட்டது.

இன்றைய சேவைகளை நால்வகையாகப் பிரிக்கலாம். காணொலி உரையாடல் முதலாவது; குரல் உரையாடல் இரண்டாவது; எழுத்துரையாடலும் மின்னஞ்சலும் மூன்றாவது; பயனர் தாமே படித்துப் பயிலும் பாடத்தொகுதி நான்காவது. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட, மன அழுத்தக் காலத்திற்கான படவிளக்கக் கையேடு நான்காம் வகைக்குச் சான்று. அந்நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘சிக்கல் மேலாண்மை பிளஸ்’ என்னும் முறை ஐந்து அமர்வுகளைக் கொண்டது. மனநல வல்லுநர் அல்லாதோரும் பயிற்சி பெற்று வழங்கத்தக்கது.

இவற்றின் பயன் குறித்த சான்றுகள் ஊக்கமளிப்பவை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறையை இணையவழியில் வழிகாட்டி ஒருவரின் துணையுடன் பயில்வோர், மனச்சோர்வு, மனப்பதற்றம் ஆகியவற்றில் நேரடிச் சிகிச்சை பெறுவோர்க்கு ஒப்பான பயனைப் பெறுவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வழிகாட்டி இல்லாதவிடத்துப் பாதியில் கைவிடுவோர் மிகுதி என்பதும் அவற்றின் முடிவு. மறுமுனையில் மனிதர் ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வே தொடர்ச்சியைத் தருகிறது என்று இதனைப் பொருள்கொள்ளலாம். ஆயினும் இவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை ஸ்வீடன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து போன்ற நாடுகளில் நிகழ்ந்தவை. எழுத்தறிவு, தனியறை, தனிக்கருவி ஆகியவற்றை இயல்பாகக் கொண்ட சூழல்கள் அவை. அம்முடிவுகளைத் தமிழ்ச் சூழலுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

4. மெய்ப்பாடு மறையும்போது

மெய்யின்கண் தோன்றுவது மெய்ப்பாடு. உள்ளத்து உணர்வு உடலில் புலனாகி, காண்போர்க்கு அறியவருதல் இதன் அடிப்படை. நேரடி உளவளத்துணையும் இவ்வடிப்படையிலேயே இயங்குகிறது. கேட்பவர் சொல்லை மட்டும் கேட்பதில்லை. கைவிரல் நடுக்கம், கண் தாழ்தல், உடை ஒழுங்கு, நாற்காலியில் அமர்ந்துள்ள முறை ஆகிய அனைத்தையும் காண்கிறார்.

காணொலியில் முகம் தெரிகிறது. உடலின் பெரும்பகுதி தெரிவதில்லை. மேலும் திரையில் உள்ள முகத்தை நோக்குபவரின் கண் ஒளிப்படக் கருவியை நோக்குவதில்லை. ஆதலின் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தவாறே கண்ணோடு கண் நோக்க முடிவதில்லை. குரல் உரையாடலில் முகமும் மறைகிறது. குரலின் ஏற்ற இறக்கமும் மூச்சும் தயக்கமும் எஞ்சுகின்றன. எழுத்துரையாடலில் அவையும் மறைந்து சொல் ஒன்றே எஞ்சுகிறது.

மௌனத்தின் பொருளும் மாறுகிறது. நேரில் மௌனம் ஏற்பின் அடையாளமாகலாம். தொலைபேசியில் அது இணைப்புத் துண்டிப்போ என ஐயுற வைக்கிறது. இங்குத் தமிழரின் ‘ம்’ கொட்டும் வழக்கம் பயன்தருவது. கதை கேட்போர் இடையிடையே ‘ம்’ கொட்டாவிடின் கதை சொல்பவர் நிறுத்திவிடுவது நாட்டுப்புற வழக்கு. ‘ம்’, ‘சொல்லுங்க’, ‘கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்’ என்னும் சிறு ஒலிகளும் தொடர்களும் தொலைபேசித் துணையில் உடல் இருப்பிற்கு ஈடாகின்றன. எழுத்துரையாடலில் இதற்கு இணையான உத்தி இன்னும் உருப்பெறவில்லை. நீண்ட செய்தியைத் தட்டச்சு செய்பவர், மறுமுனையில் எவரும் உள்ளனரா என்பதறியாமலே எழுதிக்கொண்டிருக்கிறார்.

மெய்ப்பாடு மறைவது இழப்பு மட்டுமன்று. முகம் தெரியாதபோது மனிதர் கூடுதலாக மனம் திறக்கின்றனர் என்பதை ஜான் சூலர் 2004இல் இணையத் தடைதளர்வு விளைவு எனப் பெயரிட்டு விளக்கினார். கடன் சுமையை மனைவியிடம் மறைத்த கணவர், உள்ளூர் மருத்துவமனை வாயிலில் தம்மை எவரேனும் பார்த்துவிடுவர் என அஞ்சும் அரசு ஊழியர், மணவாழ்வின் துயரைப் பிறந்த வீட்டிலும் சொல்ல இயலாத பெண் ஆகியோர்க்கு முகமின்மை ஒரு பாதுகாப்பு. சிற்றூரில் மனநலப் பிரிவுக்குச் செல்வது செய்தியாகிவிடும் சூழலில் இப்பாதுகாப்பின் மதிப்பு பெரிது. ஆயின் எளிதாகத் திறந்த மனம் பின்னர் நாணி விலகுவதும் உண்டு. முதல் உரையாடலில் அனைத்தையும் கூறிவிட்டு மறுமுறை அழைக்காதிருப்போரை இவ்வகையிலும் புரிந்துகொள்ளலாம்.

5. துயரைச் சொல்லும் தமிழ்

உடல் மறைந்த உரையாடலில் உடலைச் சொல்லாகக் கொண்டுவரும் ஆற்றல் தமிழ்ப் பேச்சு வழக்குக்கு உண்டு. ‘மனசு பாரமா இருக்கு’, ‘நெஞ்சை அடைக்குது’, ‘வயித்தைப் பிசையுது’, ‘கையும் ஓடலை, காலும் ஓடலை’ என்னும் தொடர்கள் உணர்வை உடலுறுப்பில் இருத்திக் கூறுபவை. இவற்றைக் கேட்கும் துணையாளர், சொற்பொருளாகக் கொண்டு இதய மருத்துவரிடம் செல்லுமாறு கூறுவதும் தவறாகலாம். வெறும் வழக்குத் தொடர் எனக் கருதி உடல்நோயைக் காணாது விடுவதும் தவறாகலாம். எப்போது, எவ்வளவு நேரம், எதைச் செய்யும்போது எனக் கேட்டறிவதே முறை.

இதற்கு மாறாக, சேவைகளின் வினாத்தாள்கள் கலைச்சொற்களால் ஆனவை. மன அழுத்தம் என்னும் சொல் இதழ்களில் இருவேறு நிலைகளைக் குறிக்கப் பயன்படுகிறது. புறச் சுமையால் விளையும் நெருக்கடிக்கும், மனச்சோர்வு என்னும் நோய்நிலைக்கும் அதுவே வழங்குகிறது. பேச்சில் ‘பிரஷர்’ என்றால் பெரும்பாலும் இரத்த அழுத்தம். சோர்வு என்பதை உடல் களைப்பாகவே முதியோர் பலர் கொள்வர். பதற்றம் என்பது செய்தித்தாள்களில் சட்டம் ஒழுங்குச் சூழலைக் குறிக்கும் சொல்லாகவும் உள்ளது. எனவே ‘கடந்த இரு வாரங்களில் மனச்சோர்வு இருந்ததா’ என்னும் வினாவுக்கு ‘இல்லை’ என விடையளிப்பவர், ‘எதுலயும் மனசு ஒட்டலையா’ எனக் கேட்டால் ‘ஆமாம்’ எனக் கூறலாம். வினாவின் மொழி மாறும்போது விடையும் மாறக்கூடும் என்பது அளவீட்டின் நம்பகத்தன்மையோடு தொடர்புடைய செய்தியாகும்.

உயிராபத்தோடு தொடர்புடைய தொடர்கள் இன்னும் நுட்பமானவை. ‘போய்ச் சேர்ந்துட்டா நல்லாயிருக்கும்’, ‘இருந்து என்ன பண்ணப் போறேன்’ என்பன முதியோர் நாள்தோறும் கூறும் சலிப்புரைகளாகவும் இருக்கலாம். தற்கொலை எண்ணத்தின் மறைமுக வெளிப்பாடாகவும் இருக்கலாம். நேரில் முகம் உணர்த்தும் வேறுபாட்டை இங்கு வினாவே வெளிக்கொணர வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, அதற்கு ஏதேனும் திட்டம் உள்ளதா என நேரடியாகவும் கனிவாகவும் கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டாது என்பது தற்கொலைத் தடுப்புத் துறையின் நிலைபெற்ற முடிவு. தமிழில் இவ்வினாவைத் தயக்கமின்றிக் கேட்கும் பயிற்சி துணையாளர்க்குத் தேவை. தற்கொலை என்னும் இலக்கியச் சொல்லைக் காட்டிலும் அழைப்பவர் தாமே பயன்படுத்திய தொடரை எடுத்துக்கொண்டு கேட்பது இயல்பாக அமையும்.

எழுத்துரையாடலில் மற்றொரு சிக்கல் எழுகிறது. பயனர் பலர் தமிழை உரோமன் எழுத்துகளில், தத்தம் விருப்பப்படி தட்டச்சு செய்கின்றனர். ஒரே சொல் பல்வேறு எழுத்துக்கூட்டல்களில் வரும். ஆபத்தான சொற்களைக் கண்டு எச்சரிக்கை விடுக்குமாறு அமைக்கப்பட்ட தானியங்கி நிரல்கள் இவற்றைத் தவறவிடக்கூடும். ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா என்னும் நிரல், பயனரின் சொல்லையே வினாவாகத் திருப்பித் தந்தது. அதனைப் பயன்படுத்தியோர் அது தம்மைப் புரிந்துகொண்டதாக எண்ணியது கண்டு அவரே கவலையுற்றார். சொல்லைத் திருப்பித் தருதல் வேறு, பொருளை உணர்தல் வேறு என்னும் அவ்வெச்சரிக்கை இன்றைய உரையாடு நிரல்களுக்கும் பொருந்தும்.

6. இலக்கணக் கூறுகளின் பங்கு

உளவளத்துணைப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. உணர்வைத் தன்மை எழுவாயால் கூறுமாறு அவை பயிற்றுகின்றன. அதனை அப்படியே பெயர்த்து ‘நான் கோபமாக உணர்கிறேன்’ எனக் கூறச் செய்வது தமிழ் பேசுவோர்க்கு அயலானது. தமிழில் உணர்வுடையவர் பெரும்பாலும் நான்காம் வேற்றுமை ஏற்பார்: ‘எனக்குக் கோபம் வருது’, ‘எனக்குப் பயமா இருக்கு’. உணர்வு ஒருவரிடம் வந்து சேர்வதாக இவ்வமைப்பு காட்டுகிறது. தம் உணர்வுக்குத் தாமே பொறுப்பேற்காத நிலை என இதனைக் கருதுதல் பிழை. இது மொழியின் இயல்பு. வந்த உணர்வு போகவும் கூடும் என்னும் குறிப்பும் இதில் அடங்கியுள்ளது. ‘கோபம் வரும்போது என்ன செய்றீங்க’ என்னும் வினா, உணர்வையும் செயலையும் பிரித்துக் காணும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறைக்கு இயல்பாகவே இடமளிக்கிறது.

தன்மைப் பன்மையில் தமிழ் ‘நாம்’, ‘நாங்கள்’ என வேறுபடுத்துகிறது. ‘நாங்க பார்க்கிறோம்’ என்றால் பேசுவது நிறுவனம். அழைப்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம சேர்ந்து பார்க்கலாம்’ என்றால் அழைப்பவரும் உள்ளடங்குகிறார். துணையாளருக்கும் உதவி நாடுபவருக்கும் இடையிலான கூட்டுறவை ஒரே சொல் மாற்றத்தால் ஆக்கவும் குலைக்கவும் முடிகிறது.

விளிப்பெயரும் அத்தகையது. இளம் துணையாளர் ஒருவர் அறுபது வயதுடையவரை ‘சார்’ என அழைத்தால் அலுவலகத் தொலைவு உண்டாகிறது. ‘ஐயா’ என்றால் மதிப்பு உண்டாகிறது. ‘அப்பா’ என்றால் நெருக்கம் உண்டாகிறது. அந்நெருக்கம் துணையாளரைப் பிள்ளையின் நிலையில் நிறுத்தும். பிள்ளைகளிடம் கூற முடியாத துயரைக் கூற அழைத்தவருக்கு அது தடையாகலாம். உறவுப்பெயரால் அழைப்பது தமிழரின் இயல்பான பண்பெனினும், எப்படி அழைக்கலாம் என அவரையே கேட்டு அறிவது பொருத்தமானது. ‘நீங்கள்’ என்னும் மதிப்புப் பன்மை மட்டும் எந்நிலையிலும் பிழையாகாது.

7. அறையில்லா வீடும் மறைகாப்பும்

நேரடித் துணையில் அறையை அமைப்பது துணையாளரின் பொறுப்பு. இணையவழியில் அப்பொறுப்பு உதவி நாடுபவரிடம் செல்கிறது. ஒரே அறை கொண்ட வீட்டில் மாமியார் அருகிருக்கும்போது மருமகள் தன் துயரைக் கூற இயலாது. கைப்பேசி வீட்டுக்கு ஒன்றாக இருப்பின் எழுத்துரையாடல் பிறர் கண்ணில் படும். ஆதலின் உரையாடலின் தொடக்கத்தில் ‘இப்ப தனியா பேச முடியுமா’ எனக் கேட்பதும், எவரேனும் வந்தால் பேச்சை மாற்றுவதற்கு ஒரு குறிப்புச்சொல்லை முன்கூட்டியே முடிவு செய்வதும் நல்ல நடைமுறைகள். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்னும் விடைகளே போதுமான வகையில் வினாக்களை அமைப்பதும் உதவும்.

சட்ட நிலையில், மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு மனநோயுடையவரின் தகவல்களுக்கு மறைகாப்பு உரிமையை வழங்குகிறது. ஆயின் இச்சட்டம் வரையறுக்கும் மனநல வல்லுநர் பட்டியலில் உளவளத்துணையாளர் தனியே குறிக்கப்படவில்லை. வாழ்க்கை மாற்றத்தால் துயருறுபவர் மனநோயுடையவரும் அல்லர். துணை மற்றும் நலவாழ்வுத் தொழில்துறையினர்க்கான தேசிய ஆணையச் சட்டம், 2021 நடத்தைசார் நலவியல் துறையினரைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. பின்லாந்தில் தனியார் உளச்சிகிச்சை நிறுவனம் ஒன்றிலிருந்து திருடப்பட்ட பல்லாயிரவரின் சிகிச்சைக் குறிப்புகளைக் கொண்டு 2020இல் நோயாளிகளிடமே பணம் கேட்டு மிரட்டியமை, எழுத்தில் பதிவாகும் துயரின் ஆபத்தை உணர்த்தியது. உரையாடல் பதிவு செய்யப்படுகிறதா, எவ்வளவு காலம் வைக்கப்படும், யார் காண்பர் என்பவற்றைப் பயனர் ஒப்புதல் தருமுன் அறிய வேண்டும். அவ்வொப்புதல் படிவம் ஆங்கிலத்திலோ கடுமையான சட்டத் தமிழிலோ இருப்பின் அது உண்மையான ஒப்புதலாகாது.

8. எல்லைகள்

இணையவழித் துணை எல்லா நிலைக்கும் ஏற்றதன்று. உடனடி உயிராபத்து, குடும்ப வன்முறை, மனப்பிறழ்வு நிலை, கடும் மதுச்சார்பு ஆகியவற்றில் நேரடி மருத்துவ உதவியும் பாதுகாப்பும் முதன்மையானவை. அழைப்பவரின் இருப்பிடம் அறியப்படாதபோது அவசர உதவி அனுப்புதல் கடினம். ஆதலின் இருப்பிடத்தையும் அருகிலுள்ள நம்பகமான ஒருவரின் தொடர்பையும் முதலிலேயே பெறுதல் நெறியாகும். பெயர் மறைத்துப் பேசும் உரிமைக்கும் இதற்கும் முரண் உண்டு. அம்முரணை மறையாமல் அழைப்பவரிடமே எடுத்துரைத்தல் நேர்மையாகும்.

துயரின் காரணம் சமூகத்தில் இருக்கும்போது அதனை மனத்தின் சிக்கலாக மட்டும் சுருக்கும் ஆபத்தும் உண்டு. ஊதியம் கிடைக்காத தொழிலாளிக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் தீர்வாகாது. தொழிலாளர் துறை, சட்ட உதவி, முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு வழிகாட்டுதலும் ஆற்றுப்படுத்துதலின் ஒரு கூறாக அமைதல் வேண்டும்.

முடிவுரை

இணையவழி உளவளத்துணையில் உடலின் இடத்தை மொழி ஏற்கிறது. கேட்பதற்கு அடையாளமான ‘ம்’ என்னும் ஒலி முதல், ‘நாம்’ என்னும் தன்மைப் பன்மை வரை, தமிழின் சிறு கூறுகளும் துணையின் தரத்தைப் பாதிக்கின்றன. கலைச்சொல்லுக்கும் பேச்சு வழக்குக்கும் இடையிலுள்ள இடைவெளி, அளவீட்டின் துல்லியத்தையும் சில நேரங்களில் உயிரின் பாதுகாப்பையும் பாதிக்கக்கூடியது.

இத்துறையில் தமிழாய்வு செய்யத்தக்க பணிகள் மூன்று. முதலாவது, துயரையும் ஆபத்தையும் குறிக்கும் தொடர்களை வட்டாரவாரியாகத் தொகுத்தல். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டாரச் சொல்தொகுப்பும் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் இதற்கு முறையியல் முன்மாதிரிகள். இரண்டாவது, மொழிபெயர்க்கப்பட்ட மனநல வினாத்தாள்களைப் பல்வேறு வயதினரிடமும் வட்டாரத்தினரிடமும் பொருட்புரிதல் நோக்கில் ஆராய்தல். மூன்றாவது, துணையாளர் பயிற்சிக்கு வேண்டிய உரையாடல் இலக்கணத்தை உருவாக்குதல். இவற்றுக்கான தரவை உதவி எண்களின் உரையாடல்களிலிருந்து எடுத்தல் அறமாகாது. தம் விருப்பத்தோடு பங்கேற்போரிடமிருந்தே பெற வேண்டும். மனநலத் துறையும் மொழித்துறையும் இணைந்து செய்ய வேண்டிய பணி இது. துயருற்ற ஒருவர் தம் பேச்சு வழக்கில் சொல்வதை, மறுமுனையில் உள்ளவர் அதன் பொருள் குன்றாமல் கேட்கும் நிலை உருவாவதே இதன் பயனாகும்.